பிஸ்கற் மணந்த தெரு

மலர்க்குழுத் தம்பிமார் "அண்ணை, வரலாறு ஏதும் எழுதித் தாங்கோ" என்று கேட்டபோது, சங்கிலியனையோ பண்டாரவன்னியனையோ மனதில் வைத்துத்தான் கேட்டிருப்பார்கள். எனக்குத் தெரிந்த வரலாறு வேறு. 1991 மாரிகாலத்தில் இந்த நாட்டுக்கு வந்து, பிறகு பார்க் ரோயலில் ஓர் உணவுத் தொழிற்சாலைக்கு இரவு வேலைக்குப் போனவன் நான். விடியப்புறம் ஹார்ல்ஸ்டனில் பஸ்ஸுக்கு நிற்கும்போது மக்விற்றீஸ் ஆலையின் பிஸ்கற் வாசம் வரும். பசி வயிற்றைக் கிள்ளும். இவ்வளவு பக்டரிகளும் ஏன் இந்த ஒரு மூலையில் வந்து குவிந்தன என்று அப்போது யோசிப்பேன்.

விடையில் பாதியைச் சொன்னவர் என்னோடு பெல்ற்றில் நின்ற ஓர் அண்ணை. ஊரில் கந்தளாய் சீனித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். "தம்பி, வெட்டின கரும்பைக் கிடக்க விடேலாது. இனிப்பு இறங்கிப் போகும். அதால ஆலை தோட்டத்துக்குப் பக்கத்தில இருக்க வேணும். ஆனா பழுப்புச் சீனியாக்கிப் போட்டா, கப்பலில மாதக்கணக்கில கிடந்தாலும் ஒண்டும் ஆகாது. அதைச் சுத்திகரிக்கிற ஆலை துறைமுகத்தில இருக்கலாம்" என்பார். அப்படியொரு ஆலை லண்டனிலேயே உண்டு. ஹென்றி ரேற் 1878இல் தேம்ஸ் கரையில் சில்வர்ரவுணில் தொடங்கியது. கொஞ்சம் தள்ளி ஏப்ரம் லைலின் ஆலை. 1921இல் இரண்டு கம்பனிகளும் ஒன்றாயின. கரும்பு விளைந்தது ஒரு தேசத்தில், அது வெள்ளையானது இன்னொரு தேசத்தில்!

பிஸ்கற் அப்படியல்ல. மாவும் சீனியும் மூட்டையாக வந்திறங்கும். சுட்டபின் இடத்தைப் பிடிக்கும், நொறுங்கும். ஆகவே தின்கிற வாய்க்குக் கிட்டச் சுடுவதே லாபம். எடின்பரோவில் பிறந்த மக்விற்றி கம்பனி 1902இல் ஹார்ல்ஸ்டனில் ஆலை திறந்தது. பக்கத்தில் வில்லெஸ்டன் ஜங்ஷன், 1801இல் திறந்த பாடிங்ரன் கால்வாய், கிழக்கே முழு லண்டன்.

பார்க் ரோயல் என்ற பெயரே ஒரு தோல்வியின் மிச்சம். அரச விவசாயச் சங்கம் 1903இல் இங்கே நிரந்தரக் கண்காட்சித் திடல் போட்டது. சனம் வரவில்லை. 1905க்குப் பிறகு கைவிட்டார்கள். முதலாம் உலகப்போரில் அந்தப் பக்கம் ஆயுத ஆலைகள் வந்தன. போர் முடிய மற்றத் தொழில்கள் வந்தன. ஹைன்ஸ் 1925இல் வந்தது.

கின்னஸ் வந்த கதைதான் எனக்குப் பிடித்தது. 1932இல் அயர்லாந்துக்கும் பிரித்தானியாவுக்கும் வரிச் சண்டை மூண்டது. டப்ளினில் வடித்த பியருக்கு இங்கே வரி விழுந்தால் என்ன செய்வது என்ற பயத்தில், 1936இல் பார்க் ரோயலிலேயே வடிக்கத் தொடங்கினார்கள். சிவப்புத் தொலைபேசிக் கூண்டை வடிவமைத்த ஜைல்ஸ் கில்பேட் ஸ்கொட்தான் அந்தக் கட்டிடத்துக்கும் கட்டிடக் கலைஞர். ஆக, ஆலைக்கு இடம் பார்ப்பது தண்ணீரும் தெருவும் மட்டுமல்ல, அரசியலும்தான். அரசியலால் இடம் மாறிய எங்களுக்கு இதை விளக்கவும் வேணுமோ?

கைகள் வேணும். முதலில் ஐரிஷ்காரர், பிறகு கரிபியன் சனம், குஜராத்திகள், கடைசியில் நாங்கள். இரவு வேலைக்கு ஆங்கிலம் பெரிதாய்த் தேவையில்லை. பம்பாயிலிருந்து வந்த குலாம் நூன் எண்பதுகளின் பிற்பகுதியில் சவுத்தோலில் சுப்பர்மார்க்கற்றுகளுக்குக் கறி சமைக்கத் தொடங்கியதும் அந்தக் கைகளை நம்பித்தான். 1994இல் ஆலை எரிந்தது. அவர் வேலையாட்களைக் கலைக்கவில்லை, திரும்பக் கட்டினார்.

ஆனால் நிலத்தின் விலை ஏற ஏற ஆலைகள் வெளிக்கிட்டன. ஹைன்ஸ் 1959இலேயே வடக்கே விகனில் பெரிய ஆலை திறந்திருந்தது. 2000இல் ஹார்ல்ஸ்டனை மூடியது. கின்னஸ் 2005இல் நின்றது, கட்டிடத்தையும் இடித்தார்கள். நான் நின்ற இடமும் 1998இல் வடக்கே போனது. "நீங்களும் வாறியளோ?" என்று கேட்டார்கள். பிள்ளைகளின் தமிழ்ப் பள்ளிக்கூடம், கோயில், அகதி வழக்குப் பார்க்கிற சொலிசிற்றர், எல்லாம் இங்கே. எங்கட ஆட்களில் ஒருவரும் போகவில்லை. கந்தளாய் அண்ணைக்கு அதன்பிறகு நிரந்தர வேலை கிடைக்கவேயில்லை.

மக்விற்றீஸ் இன்றும் அங்கேதான். மிச்ச இடங்களில் சின்னச் சின்னச் சமையல்கூடங்கள். என்னோடு வேலை செய்த ஒரு தம்பி அப்படியொன்றை வாடகைக்கு எடுத்து இடியப்பம் அவிக்கிறார். இரவு பத்துக்குத் தொடங்கினால் காலை ஐந்துக்கு வான் வெம்பிளிக்கும் ரூட்டிங்குக்கும் போகும். வாடகை ஏறிக்கொண்டே போகிறது. "வடக்கே மலிவாய் இடம் எடுக்கலாமே" என்று போன மாதம் கேட்டேன்.

"எடுக்கலாம் அண்ணை. ஆனா இடியப்பம் மத்தியானத்துக்குள்ள காய்ஞ்சு போயிடுமே" என்றார், தட்டுகளை அடுக்கிக்கொண்டே.