சிவந்த அண்ணம்

'முத்துப் பல்' என்று எழுதாத கவிஞர் தமிழில் உண்டா? அந்த முத்தைக் கடலுக்கடியிலிருந்து அள்ளிவந்த கரை தூத்துக்குடி. 1961-ல் நடந்ததுதான் அங்கே கடைசி முத்துக்குளிப்பு. கடல் முத்து போச்சு. வாய் முத்து மட்டும் நிலைக்குமா என்ன?

தூத்துக்குடியை ஒட்டிய மாப்பிள்ளையூரணியில் ஓர் ஆச்சி. உப்பளத்தில் உழைத்து ஓய்ந்தவர். பல்செட் கட்டிப் பல வருஷம் ஆகிறது. ராத்திரி தூங்கும்போதும் கழற்றுவதில்லை. கேட்டால், "கழத்தி வச்சா பொக்கை வாய் தெரியுமேய்யா... வீட்ல மருமவன் இருக்காவ!" என்பார். பேத்தி கட்டாயப்படுத்தி பல் டாக்டரிடம் கூட்டிப்போனாள். செட்டை எடுத்துப் பார்த்தால், மேலண்ணம் அந்தத் தகட்டின் அளவுக்கே அச்சு வைத்தாற்போல செக்கச் சிவந்து கிடக்கிறது. "வலிக்குதா ஆச்சி?" "ஒண்ணும் இல்லையே!"

அந்தச் சிவப்புக்கு ஒரு சரித்திரமே உண்டு!

ஒரு காலத்தில் பல்செட் என்பது பணக்காரர்களின் அவஸ்தை. 1789-ல் ஜார்ஜ் வாஷிங்டன் அமெரிக்க ஜனாதிபதியாகப் பதவியேற்றபோது அவர் வாயில் மிச்சமிருந்த சொந்தப் பல் ஒன்றே ஒன்று. மற்றதெல்லாம் நீர்யானைத் தந்தமும் பிற மனிதர்களின் பற்களும்தான். 1815-ல் வாட்டர்லூ போர்க்களத்தில் செத்துக்கிடந்த வீரர்களின் பற்களைப் பிடுங்கிவந்து செட் கட்டி விற்றதும் நடந்தது.

ஏழைக்கும் பல்செட் கிடைக்க வழி செய்தது ரப்பர். 1851-ல் நெல்சன் குட்இயர் கெட்டி ரப்பருக்குக் காப்புரிமை வாங்கினார். டயர் கம்பெனிக்குப் பெயராக அமைந்த சார்லஸ் குட்இயரின் தம்பி இவர். வாயை அச்செடுத்து அதற்கேற்ப வார்க்கலாம், விலையும் மலிவு. ஆனால், ரப்பரைத் தொட்ட டாக்டர்களையெல்லாம் லைசென்ஸ் கட்டணம் கேட்டு கோர்ட்டுக்கு இழுத்தது பல்செட் ரப்பர் உரிமையை வைத்திருந்த கம்பெனி. 1879-ல் சான்பிரான்சிஸ்கோவில் அந்தக் கம்பெனியின் பொருளாளர் ஜோசையா பேக்கனை, சாமுவேல் சால்ஃபன்ட் என்ற பல் டாக்டர் சுட்டே கொன்றுவிட்டார்!

இந்த ரப்பர் செட் போட்டவர்களுக்குத்தான் அண்ணம் சிவந்தது. ஈறு நிறம் வருவதற்காக ரப்பரில் சாதிலிங்கம் கலப்பார்கள். அது பாதரசச் சேர்மம். 'பாதரசம்தான் வேலையைக் காட்டுகிறது' என்றார்கள் பலர். அப்புறம், 1930-களின் கடைசியில் அக்ரிலிக் வந்து ரப்பரை ஓரங்கட்டியது. அதில் பாதரசம் இல்லை. சிவப்பு மட்டும் போகவில்லை!

நிஜக் குற்றவாளிகளில் ஒன்றை 1936-லேயே சுட்டிக்காட்டியிருந்தார் லெஸ்டர் கான் என்ற அமெரிக்கர். கேண்டிடா என்கிற பூஞ்சை. ஆரோக்கியமான பல பேர் வாயிலும் சாதுவாகக் குடியிருக்கிற ஆசாமிதான். மேல்தகடு அண்ணத்தை மூடிக்கொண்டால் எச்சில் உள்ளே போய் அலச முடியாது. தகட்டின் நுண்ணிய துளைகளில் அழுக்கும் பூஞ்சையும் பாசி போலப் படிகிறது. லூஸான செட் உரசி உரசி சதையை நோகடிக்கிறது. ராத்திரியும் கழற்றவில்லை என்றால் சதைக்கு ஓய்வே கிடையாது. சர்க்கரை வியாதி சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பெரும்பாலும் வலிக்காது என்பதுதான் இதில் வில்லங்கம்.

விஷயம் வாயோடும் நிற்பதில்லை. 85 வயது தாண்டிய 524 பேரை மூன்று வருஷம் கவனித்த ஜப்பானிய ஆய்வு 2015-ல் வெளியானது. பல்செட்டோடு தூங்கியவர்களுக்கு நிமோனியா அபாயம் இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது!

மருந்து எளிது. ராத்திரி கழற்றி, பிரஷ்ஷால் தேய்த்து, தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும். கொதிநீர் கூடாது, செட் கோணிக்கொள்ளும். அண்ணத்துக்கு மட்டும் மருந்து தடவி, தகட்டைச் சுத்தம் செய்யாமல் விட்டால் பூஞ்சை திரும்ப வரும். லூஸான செட்டைச் சரிசெய்ய வேண்டும். ஆறாத புண் என்றால் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும்.

காந்தி பல்செட் வைத்திருந்தார். சாப்பிடும்போது மட்டும்தான் மாட்டிக்கொள்வார். மற்ற நேரமெல்லாம் பொக்கை வாய்தான். அந்தச் சிரிப்போடுதான் வைஸ்ராய்களையும் பார்த்தார், போட்டோவுக்கும் நின்றார். யாரும் அவரைக் குறைவாக நினைத்துவிடவில்லையே!

இதைச் சொன்னதும் ஆச்சி யோசித்தார். அன்று ராத்திரி செட் டம்ளர் தண்ணீருக்குப் போனது.

"மருமவன் சிரிச்சாகளா ஆச்சி?"

"அவுக எங்கய்யா சிரிக்க... அவுகளுக்கே முன்பல்லு ரெண்டு இல்ல!"