பறக்காத விமானமும் 580 கிலோ காரும்



ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் பெரிய எஞ்சின், பெரிய சத்தம், பெரிய விலை என்றுதான் நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். இன்று ஒரு சின்னக் காரின் வரலாற்றைச் சொல்கிறேன். அதன் எஞ்சின் 790 சிசி. நம் மாருதி 800-இன் எஞ்சினே 796 சிசி. சக்தி வெறும் 45 குதிரை. அப்படியிருந்தும் 1965-லேயே அது மணிக்கு 155 கிலோமீட்டர் வேகம் தொட்டது. எப்படி? பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

காரின் பெயர் டொயோட்டா ஸ்போர்ட்ஸ் 800. ஜப்பானியர்கள் செல்லமாக 'யோட்டாஹச்சி' என்பார்கள். 'ஹச்சி' என்றால் எட்டு. இதன் கதை கார் தொழிற்சாலையில் தொடங்கவில்லை, விமானத் தொழிற்சாலையில் தொடங்குகிறது.

தட்சுவோ ஹசெகாவா டோக்கியோவில் விமானப் பொறியியல் படித்தவர். இரண்டாம் உலகப் போர் காலத்தில் தச்சிகாவா விமான நிறுவனத்தில் வேலை பார்த்தார். மிக உயரத்தில் பறந்து வந்து குண்டு வீசிய அமெரிக்க பி-29 விமானங்களை எதிர்க்க, கி-94 என்ற போர் விமானத்தை வடிவமைக்கும் பொறுப்பு அவருக்கு வந்தது. முதல் விமானம் தயாராகி, 1945 ஆகஸ்ட் 18-இல் பறக்கவிருந்தது. ஆகஸ்ட் 15-இல் ஜப்பான் சரணடைந்துவிட்டது. அந்த விமானம் பறக்கவே இல்லை.

அதோடு முடியவில்லை. ஜப்பானில் விமானம் தயாரிக்கவும், அதைப் பற்றி ஆராயவும் தடை வந்தது. இளம் வயதில் கற்ற வித்தை அத்தனையும் ஒரே நாளில் செல்லாக்காசு. ஹசெகாவாவைப் போன்ற பல பொறியாளர்கள் கார், ரயில், ஸ்கூட்டர் என்று பிழைப்பு தேடிப் போனார்கள். அவர் போய்ச் சேர்ந்த இடம் டொயோட்டா.

அங்கே 1961-இல் அவர் பொறுப்பில் 'பப்ளிகா' என்ற சிறிய கார் வந்தது. சாமானியனுக்கான கார், விலை 3,89,000 யென். இரண்டு சிலிண்டர்களை எதிரும் புதிருமாகப் படுக்கவைத்த 697 சிசி எஞ்சின். காற்றாலேயே குளிர்வது, ஆகவே ரேடியேட்டர் வேண்டாம், தண்ணீர் வேண்டாம், அந்தச் சுமையும் இல்லை. நல்ல கார்தான். ஆனால் எதிர்பார்த்தபடி விற்கவில்லை. ரேடியோ இல்லை, ஹீட்டர் இல்லை, பார்க்க ஒரு கவர்ச்சியும் இல்லை. பணத்தை எண்ணி எண்ணிச் சேர்த்துக் கார் வாங்குகிறவனுக்கும் ஆசை உண்டு என்பதை அந்தக் கார் மறந்துவிட்டது.

அந்தப் பப்ளிகாவின் அடித்தளத்தில்தான் ஸ்போர்ட்ஸ் கார் பிறந்தது. 1962 டோக்கியோ கார் கண்காட்சியில் 'பப்ளிகா ஸ்போர்ட்ஸ்' என்ற மாதிரியை வைத்தார்கள். அதற்குக் கதவே கிடையாது. போர் விமானத்தில் இருப்பதுபோல மேல்மூடியைப் பின்னால் தள்ளிவிட்டு உள்ளே இறங்க வேண்டும்! பறக்காமல் போன விமானம் அவர் மனதை விட்டுப் போகவில்லை என்று நான் நினைத்துக்கொள்கிறேன். தெருவில் ஓடும் காருக்கு அது சரிப்படுமா? 1965 ஏப்ரலில் விற்பனைக்கு வந்தபோது சாதாரணக் கதவுகள் இருந்தன. தலைக்கு மேலுள்ள அலுமினியத் தகட்டை மட்டும் கழற்றிக்கொள்ளலாம். போர்ஷே தன் புகழ்பெற்ற 'டார்கா' காரைக் காட்சிக்கு வைத்ததே அதற்குச் சில மாதம் கழித்துத்தான்.

இனி கணக்குக்கு வருவோம். கணக்கு என்றதும் ஓடிவிடாதீர்கள்!

அன்றைய போட்டிக் கார் ஹோண்டா எஸ்600. அதன் எஞ்சின் ஒரு நகை வேலைப்பாடு. 606 சிசியில் நான்கு சிலிண்டர், நான்கு கார்புரேட்டர், 57 குதிரை சக்தி. எடை சுமார் 700 கிலோ. டொயோட்டாவிடம் அப்படி ஓர் எஞ்சின் இல்லை. பப்ளிகா எஞ்சினைச் சற்றுப் பெரிதாக்கி, இரண்டு கார்புரேட்டர் வைத்து 45 குதிரை எடுத்தார்கள், அவ்வளவுதான். ஆனால் காரின் எடை 580 கிலோ. இருக்கைச் சட்டம்கூட அலுமினியம். எடையைக் குதிரையால் வகுத்துப் பாருங்கள். ஹோண்டாவில் ஒரு குதிரை இழுக்க வேண்டியது 12 கிலோ சொச்சம், டொயோட்டாவில் 13 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. எஞ்சினில் 12 குதிரை குறைவு என்றாலும், எடை குறைந்ததால் வித்தியாசம் ஒரு கிலோவுக்குள் வந்துவிட்டது.

மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொண்டது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அதைச் சமாளிக்க எஞ்சின் எட்டு மடங்கு சக்தி தர வேண்டும். விமானக்காரருக்கு இதைச் சொல்லித் தர வேண்டுமா? கூழாங்கல் போல வழுவழுப்பான உடலைச் செய்தார்கள். ஹோண்டாவின் உச்ச வேகம் 145. இதன் வேகம் 155.

எடை குறைந்தால் இன்னொரு லாபம், பெட்ரோல் குறைவாகக் குடிக்கும். 1966 ஜனவரியில் சுசூகாவில் 500 கிலோமீட்டர் பந்தயம். பெரிய எஞ்சின் கார்கள் பெட்ரோலுக்காக நின்று நின்று போக, யோட்டாஹச்சி எங்கும் நிற்கவே இல்லை. முதல் இடமும் இரண்டாம் இடமும் அதற்கே.

அதற்கு முந்தைய ஜூலையில் ஃபுனபாஷி பந்தயத்தில் டோஜிரோ உகியா என்ற இளைஞர், மோதலில் கார் நசுங்கி 16-ஆவது இடத்துக்குப் போய்விட்டார். அங்கிருந்து ஒவ்வொருவராக முந்தி முதலில் வந்தார். அடுத்த மாதமே சுசூகாவில் பயிற்சியின்போது விபத்தில் இறந்தார். வயது 23.

இவ்வளவு நல்ல கார், விற்றது எவ்வளவு? 1969 வரை சுமார் 3,100 மட்டுமே. விலை 5,95,000 யென். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பட்டதாரிக்கு அது இரண்டு வருடச் சம்பளத்துக்கும் மேல். இரண்டு பேர் மட்டும் உட்காரும் காருக்கு எந்தக் குடும்பம் அவ்வளவு கொடுக்கும்? சாமானியனின் ஸ்போர்ட்ஸ் கார், சாமானியன் கைக்கு எட்டவில்லை.

ஹசெகாவா சோர்ந்துவிடவில்லை. 1966-இல் அவர் பொறுப்பில் வந்த அடுத்த காரில் மலிவும் இருந்தது, பார்த்ததும் பிடிக்கும் அழகும் இருந்தது, நான்கு பேர் உட்கார இடமும் இருந்தது. அதுதான் கொரோலா. உலகெங்கும் கோடிக்கணக்கில் விற்ற கார்.

யோட்டாஹச்சியின் சூத்திரமும் சாகவில்லை. 2012-இல் டொயோட்டாவும் சுபாருவும் சேர்ந்து '86' என்ற கூபே காரைக் கொண்டுவந்தன. பொறுப்பாளர் டெட்சுயா டாடா (நம் டாடாவுக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை!). மீண்டும் படுக்கைவாட்டு எஞ்சின், மீண்டும் அடக்கமான எடை, ஓட்டுவதில் ஆசை உள்ளவருக்கு எட்டும் விலை என்ற அதே நோக்கம். அந்த சுபாருவின் பூர்வீகமும் நகாஜிமா என்ற போர்க்கால விமான நிறுவனம்தான்.

வகுப்பில் நான் அடிக்கடி சொன்னது நினைவிருக்கும்: இல்லாததைச் சொல்லிப் புலம்பாதே, இருப்பதில் எது வேண்டாததோ அதைக் கழி. ஹசெகாவா செய்தது அந்தக் கழித்தல்தான். ஒரு வாசல் மூடியபோது, கையிலிருந்த வித்தையை மட்டும் அவர் விடவில்லை. ஆளைக் கொல்லப் பிறந்த அறிவு, ஆளுக்கு மகிழ்ச்சி தரும் வண்டியானது.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கார் கம்பெனிகளில் வேலை பார்க்கும் என் பிள்ளைகளுக்கு ஒரு கேள்வி. இன்று 580 கிலோவில் பாதுகாப்பான கார் ஒன்றைச் செய்ய முடியுமா? முடியாது என்றால் எது தடுக்கிறது? கீழே எழுதுங்கள். மதிப்பெண் உண்டு!

அன்புடன்,
உங்கள் வாத்தியார்