தனிச்சலுகை (மேகச் சந்தை)

தனிச்சலுகை என்பது மேகக் கணிமை நிறுவனங்கள் நடத்தும் இணையச் சந்தைகளில், ஒரு மென்பொருள் விற்பனையாளர் குறிப்பிட்ட ஒரு வாங்குநருக்கு மட்டும் உருவாக்கி அளிக்கும் விலையும் நிபந்தனைகளும் அடங்கிய விற்பனை முன்மொழிவு ஆகும். வணிக வழக்கில் இது பிரைவேட் ஆஃபர் என்றே பெரும்பாலும் அழைக்கப்படுகிறது. சந்தையின் பொதுப் பட்டியலில் எவரும் காணக்கூடிய விலைக்கு மாறாக, தனிச்சலுகையின் விலை, காலம், தவணை, உரிம ஒப்பந்தம் ஆகியவை இரு தரப்பாரும் பேசி முடித்தவை. அவற்றை அந்த வாங்குநரின் கணக்கில் நுழைந்தவர் மட்டுமே பார்க்க இயலும்.

அமேசான் வெப் சர்வீசஸ், மைக்ரோசாப்ட், கூகுள் ஆகிய மூன்று நிறுவனங்களின் சந்தைகளிலும் இவ்வசதி உண்டு. பெயர் ஒன்றாயினும் நடைமுறை சற்றே வேறுபடும். இக்கட்டுரை அமேசானின் சந்தையை முதன்மையாகக் கொண்டு விளக்குகிறது.

பெயர்க் குழப்பம்

தனிச்சலுகையையும் தனிச்சந்தையையும் பலர் ஒன்றெனக் கருதுவதுண்டு. இரண்டும் வெவ்வேறானவை. தனிச்சந்தை (பிரைவேட் மார்க்கெட்பிளேஸ்) என்பது வாங்கும் நிறுவனத்தின் நிருவாகி, தம் ஊழியர்கள் எந்தெந்த மென்பொருள்களை வாங்கலாம் என்று வடிகட்டி வைக்கும் பட்டியல். அது வாங்குநரின் கட்டுப்பாட்டுக் கருவி. தனிச்சலுகையோ விற்பனையாளரின் கையிலிருந்து புறப்படுவது. மைக்ரோசாப்டின் சந்தையில் இதனோடு தனித்திட்டம் (பிரைவேட் பிளான்) என்ற மூன்றாவது ஒன்றும் உள்ளது. அது குறிப்பிட்ட வாங்குநர்களின் அடையாள எண்களைச் சேர்த்து வெளியிடப்படும் மறைவான விலைத்திட்டம். அதனை ஏற்படுத்த, பட்டியலையே மீண்டும் வெளியீட்டுச் சோதனைக்கு அனுப்பவேண்டும். தனிச்சலுகைக்கு அந்தச் சுற்று தேவையில்லை.

பின்னணி

இணையத்தில் வணிக மென்பொருளுக்கெனச் சந்தை அமைக்கும் எண்ணம் மேகச் சந்தைகளுக்கு முந்தியது. சேல்ஸ்போர்ஸ் நிறுவனம் 2005 ஆம் ஆண்டில் ஆப்எக்ஸ்சேஞ்சை அறிவித்தது. அமேசான் வெப் சர்வீசஸ் தன் சந்தையை 2012 ஏப்ரலில் தொடங்கியது. கூகுளின் சந்தை முதலில் கிளவுட் லாஞ்சர் என்ற பெயரில் இயங்கி, 2018 இல் கூகுள் கிளவுட் பிளாட்பார்ம் மார்க்கெட்பிளேஸ் எனப் பெயர் மாற்றம் பெற்றது. மைக்ரோசாப்ட் அசூர் மார்க்கெட்பிளேஸ், ஆப்சோர்ஸ் என இரண்டாக நடத்திவந்தவற்றை 2025 செப்டம்பரில் மைக்ரோசாப்ட் மார்க்கெட்பிளேஸ் என்ற ஒரே பெயரின் கீழ் இணைத்தது.

தொடக்கத்தில் இச்சந்தைகள் கடை அலமாரி போன்றே இருந்தன. விலை ஒட்டப்பட்டிருக்கும், வேண்டியவர் சொடுக்கி வாங்கலாம், மணிக்கணக்கில் பயன்படுத்திய அளவுக்குப் பணம் செலுத்தலாம். ஆனால் பெருநிறுவனங்கள் மென்பொருளை அவ்வாறு வாங்குவதில்லை. ஆயிரக்கணக்கான ஊழியர்களுக்கான உரிமத்தை எழுதிய விலைக்கு வாங்க எந்தக் கொள்முதல் அலுவலரும் உடன்படார். பேரம் நடக்கும், சட்டத்துறை ஒப்பந்தத்தில் திருத்தம் கேட்கும், நிதித்துறை தவணை கேட்கும். இவையனைத்தும் முடிந்தபின் சந்தைக்கு வெளியே காகிதத்தில் கையெழுத்தாகிவிடுமாயின் சந்தைக்கு அதில் பங்கில்லை. இந்த இடைவெளியை நிரப்பவே தனிச்சலுகை தோன்றியது. பேரம் வெளியே நடக்கட்டும், முடிவு மட்டும் சந்தையின் வழியாகப் பதிவாகட்டும் என்பதே இதன் அடிப்படை.

வாங்குநர் இதனை நாடுவதன் காரணம்

தள்ளுபடி மட்டுமே காரணம் என்று கொள்வது பிழை. தள்ளுபடியை விற்பனையாளரிடம் நேராகவும் பெறலாம். பெரிய காரணம் செலவு உறுதிமொழி ஆகும். பெருநிறுவனங்கள் மேகச் சேவை நிறுவனத்துடன் சில ஆண்டுகளுக்கு இவ்வளவு தொகை செலவிடுவோம் என்று முன்கூட்டியே உறுதியளித்து, அதற்கு ஈடாகக் கட்டணக் குறைப்புப் பெறுகின்றன. உறுதியளித்த தொகையைக் காலத்துக்குள் செலவிடாவிடில் குறைபடும் தொகையைச் செலுத்தவேண்டி வரும். சந்தையின் வழியாக வாங்கும் தகுதியுள்ள மென்பொருளின் விலை இந்த உறுதிமொழிக் கணக்கில் சேர்த்துக்கொள்ளப்படுகிறது. எனவே எப்படியும் செலவிடவேண்டிய பணத்திலிருந்தே மென்பொருளையும் வாங்கிவிடலாம் என்பது நிதித்துறைக்குப் பெரும் ஈர்ப்பாக அமைகிறது.

இக்கணக்கின் விதிகள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும், காலத்துக்குக் காலம் மாறவும் செய்யும். அமேசானில் 2025 மே முதல், முழுமையாக அமேசானின் மேகத்தில் இயங்கும் மென்பொருள்கள் மட்டுமே உறுதிமொழியில் கணக்கிடப்படுகின்றன. வேறு இடத்தில் இயங்கும் மென்பொருளையும் சந்தையில் பட்டியலிடலாம். ஆனால் அதன் விலை உறுதிமொழியில் கழியாது. வாங்குநர் ஒப்பமிடுமுன் விற்பனையாளரிடம் கேட்கவேண்டிய முதற்கேள்வி இதுவே எனலாம்.

மற்றொரு காரணம் நிருவாக எளிமை. புதிய விற்பனையாளர் ஒருவரைத் தம் கணக்குப் பதிவேட்டில் சேர்க்கப் பெருநிறுவனங்களில் பல வாரங்கள் ஆவதுண்டு. சந்தையின் வழியாக வாங்கும்போது மேகச் சேவைக்கான கணக்கிலேயே மென்பொருளின் கட்டணமும் வந்துவிடுகிறது.

உருவாக்கும் முறை

அமேசானின் சந்தையில் தனிச்சலுகை அளிக்க, விற்பனையாளர் முதலில் விற்பனைக் கணக்கைப் பதிவு செய்து, வரி விவரங்களையும் வங்கி விவரங்களையும் தந்து, மென்பொருளைச் சந்தையில் பட்டியலிட்டிருக்கவேண்டும். அதன்பின் மேலாண்மைத் தளத்தின் சலுகைகள் பகுதிக்குச் சென்று, மென்பொருளைத் தெரிவு செய்து புதிய சலுகையைத் தொடங்கலாம்.

முதலில் கேட்கப்படும் முக்கிய விவரம் வாங்குநரின் கணக்கு எண். இது 12 இலக்கங்கள் கொண்டது. சலுகை எவருக்குத் தெரியும் என்பதை இந்த எண்தான் தீர்மானிக்கிறது. நடைமுறையில் சிக்கல்கள் பல தோன்றுவது இந்த இடத்திலேயே. பெருநிறுவனம் ஒன்றுக்கு நூற்றுக்கணக்கான கணக்குகள் இருக்கலாம். அவற்றின் கட்டணம் முழுவதையும் செலுத்தும் தலைமைக் கணக்கு ஒன்று இருக்கும். மென்பொருளைப் பயன்படுத்தும் குழுவின் கணக்கு எண்ணையா, தலைமைக் கணக்கு எண்ணையா தருவது என்று வாங்குநர் தரப்பிலேயே தெளிவிருக்காது. தவறான கணக்கிலிருந்து சலுகையின் இணைப்பைத் திறந்தால், உரிமை இல்லை என்ற அறிவிப்பு வருவதில்லை. பக்கம் காணப்படவில்லை என்ற 404 பிழையே வருகிறது. சலுகையே அழிந்துவிட்டதோ என்று இரு தரப்பாரும் மயங்குவதற்கு இது இடமளிக்கிறது. பெரும்பாலும் வேறு கணக்கில் நுழைந்திருப்பதே காரணமாக இருக்கும்.

அடுத்து விலை. சேவையாக வழங்கப்படும் மென்பொருளுக்கு அடிப்படையான இருவகை விலைமுறைகள் உள்ளன. ஒன்று குறிப்பிட்ட காலத்துக்கு முன்கூட்டியே உரிமம் பெறும் ஒப்பந்த முறை. மற்றது பயன்பாட்டை அளந்து கட்டணம் கணக்கிடும் சந்தா முறை. ஒப்பந்த முறையில் மொத்தத் தொகையை ஒரே தடவையிலோ, தேதி குறித்த தவணைகளாகவோ பெறலாம். தவணைத் தேதிகளையும் ஒவ்வொரு தவணையின் தொகையையும் விற்பனையாளரே எழுதுகிறார்; அவை சம அளவில் இருக்கவேண்டிய கட்டாயமில்லை. முதலாண்டில் குறைவாகவும் அடுத்த ஆண்டுகளில் கூடுதலாகவும் அமைப்பது வழக்கத்தில் உண்டு.

பின்னர் உரிம ஒப்பந்தம். சந்தையின் பொது ஒப்பந்த வடிவத்தை அப்படியே ஏற்கலாம். விற்பனையாளரின் வழக்கமான ஒப்பந்தத்தை இணைக்கலாம். இரு தரப்புச் சட்ட அறிஞர்களும் பேசி முடித்த ஆவணத்தைப் பதிவேற்றலாம். பொது வடிவத்தைச் சந்தை உருவாக்கியதன் நோக்கம் சட்டப் பேச்சுவார்த்தைக் காலத்தைச் சுருக்குவதாகும்.

கடைசியாகச் சலுகை காலாவதியாகும் நாள். குறித்த நாளின் ஒருங்கிணைந்த அனைத்துலக நேரம் 23:59:59 வரை சலுகை செல்லும். இந்தியாவிலும் இலங்கையிலும் இது மறுநாள் அதிகாலை 5:30 மணிக்கு ஒரு நொடி முன்பு ஆகும். இந்நாளையும் ஒப்பந்தம் முடியும் நாளையும் குழப்பிக்கொள்ளலாகாது. முன்னது சலுகையை ஏற்பதற்கான கெடு. பின்னது ஏற்றபின் உரிமம் நீடிக்கும் காலம்.

வெளியிட்ட சலுகையின் விலையைத் திருத்த இயலாது. கெடுவை நீட்டிக்கலாம், காலாவதியான சலுகையையும் புதிய நாள் குறித்து உயிர்ப்பிக்கலாம். விலையில் பிழை நேர்ந்திருப்பின் அதனை நீக்கிவிட்டுப் புதிய சலுகை உருவாக்குவதே வழி.

ஏற்றலும் அதன்பின்னும்

வாங்குநர் தம் கணக்கில் நுழைந்து, விலையையும் தவணைகளையும் ஒப்பந்தத்தையும் பார்த்து ஏற்கிறார். அதற்குரிய அனுமதி அவருடைய பயனர் கணக்குக்கு வழங்கப்பட்டிருக்கவேண்டும். ஏற்றவுடன் அது பிணைக்கும் ஒப்பந்தமாகிறது. சேவையாக வழங்கப்படும் மென்பொருளில் இன்னொரு படி எஞ்சியுள்ளது. வாங்குநர் விற்பனையாளரின் இணையத்தளத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டு அங்கே பதிவு செய்யவேண்டும். அப்போது சந்தை அனுப்பும் குறியீட்டை விற்பனையாளரின் நிரல் சரிபார்த்து, வாங்கியவர் இன்னார் என அறிந்துகொள்கிறது. கொள்முதல் அலுவலர் ஏற்றுவிட்டுப் பக்கத்தை மூடிவிட்டால், கட்டணம் தொடங்கிவிடும். பயனர்களுக்கோ மென்பொருள் திறக்காது.

மைக்ரோசாப்டின் சந்தையில் இந்த இரட்டைத் தன்மை இன்னும் வெளிப்படையானது. அங்கு சலுகை, வாங்குநரின் கட்டணக் கணக்கு எண்ணுக்கு அனுப்பப்படுகிறது. கட்டணக் கணக்கின் உரிமையாளரோ நிறுவன நிருவாகியோ அசூர் தளத்தில் அதனை ஏற்கவேண்டும். ஏற்பது விலைக்கு ஒப்புக்கொள்வது மட்டுமே. மென்பொருளை வாங்குவது தனிச்செயல். இரண்டையும் வெவ்வேறு அலுவலர்கள் செய்வது வழக்கமாதலால், ஏற்கப்பட்டும் வாங்கப்படாமல் கிடக்கும் சலுகைகள் நேர்வதுண்டு.

ஒப்பந்தக் காலம் முடியும்போது நடப்பது விலைமுறையைப் பொறுத்தது. அமேசானில் தனிச்சலுகை ஒப்பந்தங்கள் தானாகப் புதுப்பிக்கப்படுவதில்லை. பயன்பாட்டளவுச் சந்தாவில், தனிவிலைக் காலம் முடிந்ததும் வாங்குநர் பொதுப் பட்டியல் விலைக்கு மாற்றப்படக்கூடும். நேற்றுவரை பாதி விலையில் ஓடிய மென்பொருள் இன்று முழு விலையில் ஓடுவதை மாதக் கட்டணம் வந்தபின்னரே அறிவது பெருஞ்செலவில் முடியும். நடப்பு ஒப்பந்தத்தை அடிப்படையாகக் கொண்டு திருத்தச் சலுகை அனுப்பும் வசதியும் உள்ளது. காலத்தை நீட்டிக்கவும், இடையில் உரிமங்களைக் கூட்டவும் இது பயன்படுகிறது.

சந்தைக் கட்டணம்

ஒவ்வொரு விற்பனையிலும் சந்தை நடத்துபவர் ஒரு விழுக்காட்டைப் பிடித்துக்கொள்கிறார். நெடுங்காலம் இது 20% அளவில் இருந்தது. மைக்ரோசாப்ட் 2021 சூலையில் இதனை 3% ஆகக் குறைத்தது. கூகுளும் அதே ஆண்டில் அதே அளவுக்கு இறங்கியது. அமேசான் 2024 சனவரியில் தன் கட்டண முறையை மாற்றியமைத்தது. அதன்படி தனிச்சலுகையின் மொத்த ஒப்பந்த மதிப்பு 10 இலட்சம் டாலருக்குக் கீழ் இருப்பின் 3%, 10 இலட்சம் முதல் 1 கோடி டாலர் வரை 2%, அதற்கு மேல் 1.5% எனவும், புதுப்பித்தலுக்கு 1.5% எனவும் அறிவிக்கப்பட்டது.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். ஆண்டுக்கு 1,00,000 டாலர் பட்டியல் விலையுள்ள மென்பொருளை 3 ஆண்டுகளுக்கு 20% தள்ளுபடியில் தருவதாகக் கொள்வோம். மொத்த மதிப்பு 2,40,000 டாலர். 3% கட்டணம் 7,200 டாலர். விற்பனையாளருக்குக் கிடைப்பது 2,32,800 டாலர். பழைய 20% அளவில் கட்டணம் 48,000 டாலராக இருந்திருக்கும். நேரடி விற்பனையை விட்டுச் சந்தைக்கு வரத் தயங்கிய பல நிறுவனங்களின் கணக்கை மாற்றியது இந்த வேறுபாடே.

பணம் விற்பனையாளருக்கு உடனே வந்துவிடுவதில்லை. வாங்குநரிடமிருந்து வசூலானபின்னரே அமேசான் அதனை அனுப்புகிறது. வாங்குநருக்கு 60 நாள் தவணை இருப்பின் விற்பனையாளரும் அதுவரை காத்திருக்க நேரும். சிறு நிறுவனங்களுக்கு இது சுமையே.

மறுவிற்பனையாளர் வழியான சலுகை

விற்பனையாளருக்கும் வாங்குநருக்கும் இடையே மறுவிற்பனையாளர் இருக்கும் நிலையும் பொதுவானது. அமேசானில் இதற்கான வசதி முதலில் ஆலோசனைப் பங்காளர் தனிச்சலுகை என்று பெயர் பெற்றுப் பின்னர் வழித்தடப் பங்காளர் தனிச்சலுகை எனப் பெயர் மாறியது. இதில் மென்பொருள் நிறுவனம் மறுவிற்பனையாளருக்கு மொத்த விலையில் விற்கும் உரிமையை வழங்குகிறது. மறுவிற்பனையாளர் தம் ஆதாயத்தைச் சேர்த்து வாங்குநருக்குச் சலுகையை அனுப்புகிறார். 2024 முறையில் இதற்குக் கூடுதலாக 0.5% கட்டணம் உண்டு. மைக்ரோசாப்டின் பல்தரப்புத் தனிச்சலுகையும் கூகுளின் மறுவிற்பனையாளர் சலுகையும் இதனை ஒத்தவை.

விமர்சனங்கள்

தனிச்சலுகை பரவியதன் ஒரு விளைவு, பொதுப் பட்டியல் விலை தன் பொருளை இழந்ததாகும். சில பட்டியல்களில் ஒருவரும் செலுத்த எண்ணாத ஒரு பெருந்தொகையே விலையாக எழுதப்பட்டு, விலைக்கு எங்களை அணுகவும் என்ற குறிப்பும் காணப்படுகிறது. விலையை ஒப்பிட்டு வாங்க எண்ணும் சிறு நிறுவனத்துக்கு இது உதவுவதில்லை. பேரம் பேசும் வலிமையுள்ளோர் குறைந்த விலையும், அஃதில்லாதோர் கூடிய விலையும் கொடுக்கும் பழைய நிலை இணையச் சந்தைக்குள்ளும் தொடர்கிறது.

செலவு உறுதிமொழி பற்றியும் மாற்றுக்கருத்து உண்டு. உறுதியளித்த தொகையைத் தீர்க்கவேண்டும் என்பதற்காகவே, நிதியாண்டின் இறுதியில் தேவையை மீறிய உரிமங்கள் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் வாங்கப்படுவதுண்டு. அவ்வாறு மென்பொருள்களும் ஒரே மேகச் சேவையின் கணக்கில் பிணைந்துவிட்டால், பின்னர் வேறு மேகத்துக்கு இடம்பெயர்வது மேலும் கடினமாகிறது. 2025 இல் அமேசான் செய்த விதிமாற்றம் மென்பொருள் நிறுவனங்களையும் தன் மேகத்திலேயே இயங்கத் தூண்டுவதாக அமைந்துள்ளது.