நிரலாளர் உறவுப் பணி

ஒரு நிறுவனத்தின் மென்பொருள் தளத்தை வெளி நிரலாளர்கள் கற்றுப் பயன்படுத்த உதவுவதும், அவர்கள் சொல்லும் குறைகளை நிறுவனத்துக்குள் கொண்டுசேர்ப்பதும் இப்பணியாகும். துறையினர் இதை டெவலப்பர் ரிலேஷன்ஸ் என்பர்.

இதன் முன்னோடிகளுள் முதன்மையானது ஆப்பிளின் மெக்கின்டோஷ் குழு. 1984 ஜனவரியில் வெளிவந்த அக்கணினியின் நினைவகம் 128 கிலோபைட்தான். தொடக்கத்தில் அதற்கு நிரல் எழுதவே விலை மிகுந்த லிசா கணினி வேண்டியிருந்தது. அக்குழுவின் மைக் பாய்ச்சும், 1983இல் அதில் சேர்ந்த கை கவாசாகியும் மென்பொருள் நிறுவனங்களை அணுகி, கடைக்கே வராத கணினிக்காக உழைக்கச் சம்மதிக்க வைத்தனர். எளிய காரியமன்று அது.

நிரலாளர் நம்பிக்கை விளம்பரத்தால் வருவதில்லை. அப்படியே இயங்கும் மாதிரி நிரல், தெரிந்த வழுக்களை மறைக்காத ஆவணம், மாற்றங்களுக்கு முன்னறிவிப்பு ஆகியவையே அதை வளர்க்கும். கடைசியானதே மிக முக்கியம். ஓர் இடைமுகத்தின் விதி மாறினால் அதன்மேல் எழுப்பிய பிறர் உழைப்பும் சரியும். எடுத்துக்காட்டாக, 2012 ஆகஸ்டில் ட்விட்டர், தன் சேவைக்கு வெளியார் உருவாக்கிய மாற்றுச் செயலிகளுக்கு 1,00,000 பயனர் என்னும் வரம்பை அறிவித்தது; கசப்பு ஆண்டுக்கணக்கில் நீடித்தது. 2015இல் ட்விட்டரின் தலைமைச் செயல் அலுவலர் ஜாக் டோர்சி நிரலாளர் மாநாட்டில் மன்னிப்புக் கேட்டார். நிறுவனம் கைமாறிய பின், 2023 ஜனவரியில் அச்செயலிகள் தடைசெய்யப்பட்டன.