மெழுகும் சாயமும் வாங்கிக் கொடுத்த நிலம்

சாயப்பட்டறையில் காலம் தள்ளிய நம்மூர்க்காரர்களுக்கு இந்தக் கதை பிடிக்கும்.

சென்னை ஓவியக் கல்லூரி 1850-ல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற வெள்ளைக்கார டாக்டர் ஆரம்பித்தது. அதன் முதல் இந்திய முதல்வர், மெரினா உழைப்பாளர் சிலையைச் செய்த ராய் சௌத்ரி. அவருக்குப் பின் 1957-ல் வந்தவர் கே.சி.எஸ். பணிக்கர். 1911-ல் பக்கத்துக் கோயமுத்தூரில் பிறந்தவர். தந்தி இலாகா வேலையை விட்டுவிட்டுப் படம் போடப் படிக்கப் போனவர்! அந்தக் காலத்தில் எந்த வீட்டில் சம்மதிப்பார்கள்?

1944-லேயே நண்பர்களோடு ஓவியர் சங்கம் அமைத்துக் கண்காட்சிகள் நடத்தினார். பார்க்க ஆள் வந்தது, வாங்கத்தான் ஆளில்லை. படித்து முடித்த பிள்ளைகள் வயிற்றுப்பாட்டுக்காகத் தூரிகையைக் கீழே வைத்தார்கள். அதுதான் அவரை அரித்தது.

வழி துணியில் கிடைத்தது: பாத்திக். உருக்கிய மெழுகால் துணியில் சித்திரம் எழுதி, சாயத்தில் முக்குவார்கள். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. சாயத்தொட்டி சூடாக இருந்தால் மெழுகு இளகிவிடும். ஆறிய சாயம்தான் ஆகும். மெழுகு வெடித்த இடத்தில் மயிரிழையாகச் சாயம் ஓடும். நம் பட்டறையில் அப்படி ஒரு கோடு விழுந்தால் பீஸ் ரிஜெக்ட். அங்கே அதுதான் அழகு!

படம் விற்காத இடத்தில் பாத்திக் விற்றது. அந்தக் காசைச் சேர்த்து இஞ்சம்பாக்கம் கடற்கரையில் நிலம் வாங்கினார்கள். 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் எழுந்தது. நான் அங்கே போயிருந்தபோது எல்லோரும் படங்களைப் பார்த்தார்கள். நான் சாயத்தொட்டி எங்கே இருந்திருக்கும் என்று தேடிக்கொண்டிருந்தேன்.