மாணவரும் சூழலியல் ஆய்வும்: ஒக்ஸ்போட் அநுபவம், 1921 – 1967

விஞ்ஞான வரலாறு பெரும்பாலும் பேராசிரியர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. மாணவன் அதிலே தோன்றுவானாயின், ஆசானின் விரிவுரையைக் கேட்டவனாகவோ அவருடைய கருவிகளைச் சுமந்தவனாகவோதான் தோன்றுகின்றான். விலங்குச் சூழலியலின் தோற்றத்தை நோக்குமிடத்து இவ்வழக்குப் பொருந்துவதில்லை. அத்துறையின் அடிப்படைக் கருத்துக்கள் சில, இன்னும் பட்டம் பெறாத ஒரு மாணவனுக்கு ஆய்வுக் குழுவொன்றில் இடங் கிடைத்ததன் பயனாக எழுந்தவை. அவ்விடம் எவ்வாறு கிடைத்தது, எவர்க்குக் கிடைக்காது போயிற்று என்பன ஆராயத்தக்கன.

1921ஆம் ஆண்டுக் கோடையில் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகக் குழுவொன்று வட துருவத்தை அண்டிய ஸ்பிற்ஸ்பேர்கன் தீவுகளுக்குப் புறப்பட்டது. அதன் ஒழுங்குகளைக் கவனித்த செயலாளர் ஜோர்ஜ் பின்னி, மேர்ற்றன் கல்லூரி மாணவர். நியூ கல்லூரியில் விலங்கியல் கற்பித்த ஜூலியன் ஹக்ஸ்லி, தம் மாணவராகிய சாள்ஸ் எல்ற்றனையும் உடனழைத்துச் சென்றார். எல்ற்றனுக்கு அப்போது வயது 21. அக்கால ஒக்ஸ்போட் விலங்கியல் ஒப்பியல் உடற்கூற்றிலேயே ஊன்றி நின்றது. இறந்த விலங்கை வெட்டிப் பார்ப்பதே படிப்பாக இருந்தது. உயிருள்ள விலங்கு எங்கே வாழ்கின்றது, எதை உண்கின்றது, எதற்கு உணவாகின்றது என்ற வினாக்களுக்கு அப்பாடத்திட்டத்தில் அதிக இடமில்லை.

ஹக்ஸ்லியின் கவனம் அப்பயணத்திலும் பறவைகளின் நடத்தையிலேயே சென்றது. தீவின் விலங்குகள் அனைத்தையும் சேர்த்து நோக்கும் பணி எல்ற்றனுக்கு வாய்த்தது. அவருக்குத் துணையாயமைந்தது அந்நிலத்தின் வறுமையே எனலாம். வெப்பவலயக் காடொன்றில் ஆயுட்காலம் முழுதும் செலவிட்டும் எண்ணி முடியாத இனங்கள் உள. துருவத் தீவிலோ இனங்கள் மிகச் சில. துருவநரி கோடையிலே பறவைகளையும் அவற்றின் முட்டைகளையும் உண்கின்றது. அப்பறவைகளுட் சில நிலத்துத் தாவரங்களையும் பூச்சிகளையும் உண்பன. சில கடலை நம்பி வாழ்வன. மாரியிலே வெண்கரடி கொன்ற கடல்நாயின் எச்சத்தை அதே நரி நாடுகின்றது. இவ்வளவையும் ஒருவரே கண்டு, கோடுகளால் இணைத்து ஒரே தாளில் வரைந்துவிடக் கூடியதாயிருந்தது. தாவரவியலாளர் விக்ரர் சமர்ஹேய்சுடன் இணைந்து எல்ற்றன் 1923இல் வெளியிட்ட கட்டுரையிலுள்ள அவ்வரைபடம், உணவு வலைக்கான முன்னோடிப் படங்களுள் ஒன்றாகும்.

1923இலும் 1924இலும் பின்னியின் தலைமையில் மேலும் இரு பயணங்கள் நிகழ்ந்தன. 1923ஆம் ஆண்டுக் குழுவிலிருந்த அன்றூ ஏர்வின் என்னும் மாணவர் மறுவருடம் எவரெஸ்ற் மலையில் மறைந்தார். 1924ஆம் ஆண்டுக் குழுவின் மருத்துவராகச் சென்ற ஹவாட் புளோரி பின்னாளிற் பெனிசிலின் ஆய்வினாற் புகழெய்தினார். அப்பயணங்கள் பற்றிய பேச்சில் இவ்விரு பெயர்களே முந்துகின்றன. பூச்சிகளைத் திரட்டிக்கொண்டிருந்தவரின் பெயர் பின்தங்கிவிடுகின்றது. 1923இல் திரும்பும் வழியிலே நோர்வேயின் துறொம்சோ நகரப் புத்தகசாலையொன்றில் எல்ற்றன், கையில் எஞ்சியிருந்த சிறுதொகையிற் செலவிட்டு, நோர்வேயின் பாலூட்டிகள் பற்றிய கொலெற்றின் நூலை வாங்கினார். நோர்வே மொழி அவர் அறியாதது. அகராதியின் துணைகொண்டு லெமிங் என்னும் சிறு கொறிணி பற்றிய பகுதியைப் படித்தபோது, அது பெருகும் ஆண்டுகள் மூன்று நான்கு ஆண்டுகளுக்கொரு முறை மீளவருதல் புலனாயிற்று. இயற்கையிலே விலங்குத் தொகை என்றும் சமநிலையில் நிற்பது என்ற நம்பிக்கையை இது அசைத்தது. விலங்குத் தொகையின் ஏற்றவிறக்கம் பற்றிய அவருடைய கட்டுரை 1924இல் வெளிவந்தது.

1925 முதல் 1931 வரை ஹட்சன் குடாக் கம்பனியின் ஆலோசகராகவும் அவர் கடமையாற்றினார். கம்பனிக்கு வேண்டியது தோல் வியாபாரத்தின் இலாபம். எல்ற்றனுக்கு வேண்டியவை அதன் கணக்குகள். கனடாவின் லிங்ஸ் பூனையின் தொகை ஏறத்தாழப் பத்தாண்டு வட்டமாக ஏறியிறங்குவதை அக்கணக்குகளைக் கொண்டு அவரும் மேரி நிக்கல்சனும் 1942இல் எடுத்துக்காட்டினர். உணவுச் சங்கிலி, எண்களின் கூம்பகம் முதலியவற்றை விளக்கும் 'விலங்குச் சூழலியல்' என்ற அவரது நூல் 1927இல் வெளிவந்தது. மூன்று மாத அளவில் எழுதப்பட்ட அந்நூலுக்குப் பின்னே மூன்று துருவக் கோடைகள் இருந்தன.

ஆயின் இவ்வாய்ப்பு எல்லார்க்கும் பொதுவாக இருந்ததென்று கொள்ளுதல் தவறு. ஒக்ஸ்போட் பெண்களுக்குப் பட்டம் வழங்கத் தொடங்கியது 1920இலேதான். எல்ற்றன் பயின்ற நியூ கல்லூரி 1979 வரையும், பின்னி பயின்ற மேர்ற்றன் 1980 வரையும் பெண்களை மாணவராகச் சேர்க்கவில்லை. பயணக் குழுவின் இடங்களோ விளம்பரத்தால் நிரப்பப்பட்டவையல்ல. ஆசிரியரின் அறிமுகமும் கல்லூரி நட்பும் அவற்றைத் தீர்மானித்தன. எல்ற்றனின் திறமையை இது குறைப்பதன்று. அவரையொத்த திறமையுடையோர் எத்தனை பேர் அக்கப்பற்றுறைக்கே வர இயலாதிருந்தனர் என்பதற்குத்தான் கணக்கில்லை.

1932இல் எல்ற்றன் விலங்குத்தொகை ஆய்வகத்தை ஒக்ஸ்போட்டில் நிறுவினார். பெரும்பாலும் வெளியார் நிதியுதவியோடு தொடங்கிய சிறு நிறுவனம் அது. ரொறன்ரோவிற் பட்டம் பெற்ற டெனிஸ் சிற்றி 1935இல் ஆராய்ச்சி மாணவராக வந்து, 1961 வரை அங்கேயே இருந்து வயலெலிகளின் பெருக்கத்தை ஆராய்ந்தார். கனடாவின் பனிமுயல் பற்றிய விசாரணையில் ஹெலன் சிற்றியின் பெயரும் உண்டு. உலகப் போர்க் காலத்தில் ஆய்வகம் முழுவதும் தானியத்தை அழிக்கும் எலிகளின் பக்கம் திருப்பப்பட்டது. சூழலியல் 'பயனற்ற' படிப்பு என்றோருக்கு அதுவே போதிய விடையாயிற்று.

1942இல் வைத்தம் காடு பல்கலைக்கழகத்துக்குக் கிடைத்தது. அதன்பின் களத்தை நாடித் துருவம் வரை செல்லவேண்டியதில்லை. ஒரு சைக்கிள் போதும். எல்ற்றன் அக்காட்டின் விலங்குகளை ஆண்டுக்கணக்காகப் பதிவுசெய்தார். 1967இல் அவர் ஓய்வுபெற்றதும் ஆய்வகம் தனி நிறுவனமாக நீடிக்கவில்லை; விலங்கியற் பகுதிக்குள் அடங்கிப்போயிற்று. அதே காட்டில், வேறொரு நிறுவனத்தைச் சேர்ந்த டேவிட் லாக் 1947இல் தொடங்கிய பட்டாணிக்குருவி ஆய்வு மட்டும் தொடர்ந்தது. தலைமுறை தலைமுறையாக வந்த ஆராய்ச்சி மாணவர் இளவேனிலிலே மரப்பெட்டிகளைத் திறந்து முட்டைகளை எண்ணிக் குஞ்சுகளுக்கு வளையமிட்டு வந்துள்ளனர்.