மணிக்கு 17 சென்ட்

பம்பாய்ப் பஞ்சாலைகளில் நெசவுப் பிரிவில்தான் கூலி அதிகம். தறி நாடாவில் நூல் கோக்க வாயால் உறிஞ்ச வேண்டும். எச்சில் தீட்டு என்று சொல்லி நம் மக்களை அங்கே சேர்க்கவில்லை. 1928 வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இதை எழுப்பினார். தோழர்களே, அதே கதவு அமெரிக்காவிலும் மூடித்தான் கிடந்தது.

மிசிசிப்பி மாநிலத்தில் நாட்செஸ் என்ற ஊர். அங்கே வார்லெஸ்ட் ஜாக்சன் என்ற கறுப்பர், கொரியப் போர்க்காலப் படைவீரர், ஆர்ம்ஸ்ட்ராங் டயர் ஆலையில் தொழிலாளி. ஐந்து பிள்ளைகளின் அப்பா. கறுப்பர் உரிமைச் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி.யின் உள்ளூர்க் கிளைக்குப் பொருளாளர். கிளைத் தலைவர் ஜார்ஜ் மெட்காஃபும் அதே ஆலைதான். 1965 ஆகஸ்டில் மெட்காஃபின் காரில் குண்டு வெடித்தது, படுகாயத்தோடு பிழைத்தார்.

அதை அறிந்திருந்த ஜாக்சன், 1967இல் ரசாயனம் கலக்கும் வேலைக்கு உயர்வு வந்தபோது மறுக்கவில்லை. அதுவரை வெள்ளையர் மட்டுமே பார்த்த வேலை அது. மனைவிக்குப் பயம். மணிக்கு 17 சென்ட் கூடுதல்; எட்டு மணி நேரத்துக்கு 1 டாலர் 36 சென்ட். ஐந்து பிள்ளைகள் உள்ள வீட்டில் அது சின்னக் காசல்ல. ஆனால் கொன்றவர்களை உறுத்தியது காசு என்று நான் நினைக்கவில்லை. ஒரு கறுப்பர் அந்த இடத்தில் நிற்பதுதான் உறுத்தியது.

பிப்ரவரி 27 இரவு, கூடுதல் நேர வேலை முடித்து வீடு திரும்பும் வழியில் அவர் வண்டி வெடித்தது. எட்டு வயது மகன் சத்தம் கேட்டு சைக்கிளில் ஓடிவந்தான். சந்தேகம் கூ கிளக்ஸ் கிளான் கும்பல்மீது. எஃப்.பி.ஐ. விசாரித்தது, பல்லாண்டு கழித்து வழக்கைத் திறந்து மறுபடியும் மூடியது. ஒருவர்கூடக் கூண்டில் ஏறவில்லை.